ஞாயிறு மட்டும்

ஜூலை 1, திங்கள்

மெடிக்கல் ரெப் ஜனவரியில் கொடுத்த டைரி. ஆறு மாதமாக வீட்டில் மாவு வாளிக்கு மூடியாகக் கிடந்தது. இன்று துடைத்து எடுத்துவிட்டேன், காரணம் இருக்கிறது.

கடையில் என்னோடு நின்ற ரமணி கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். முதலாளி கனகவேல் அண்ணாச்சி, "இன்னொரு ஆள் பாக்கணும்மா" என்று இழுத்தார். நான் விடவில்லை. "எதுக்கு அண்ணாச்சி? ஒரு மாசம் பாருங்க. நான் ஒத்தையாவே சமாளிச்சிக் காட்டுதேன்" என்றேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே அவர் இரண்டாவது மருந்துக்கடை திறக்கப் போகிறார். அதற்குப் பொறுப்பாளராக நான் உட்கார வேண்டும். ஆசை என்று சொன்னால் குறைச்சல், எனக்கு அது வெறி. டி.பார்ம் படித்துப் பதினான்கு வருடமாக இன்னொருவர் கடையில் நின்றே கால் வீங்கிப் போனவளுக்குத்தான் அந்த நாற்காலியின் அருமை தெரியும். ஆகவே, இந்த மாதம் நான் என்னென்ன கிழித்தேன் என்பதற்கு இந்த டைரி சாட்சி.

இன்றைய சாதனை, பதினொன்றேகால் மணிக்கு, கோவில்பட்டியே எங்கள் கடை வாசலில் நின்றபோது நடந்தது. ஒரு பெரியவருக்குக் கம்ப்யூட்டரில் பில் போட்டேன். சரக்கு இறக்கிய ஆளிடம் பெட்டிகளைச் சரிபார்த்து வாங்கினேன். முழங்கையில் அடிபட்ட ஒருவருக்குப் பஞ்சும் மருந்தும் எடுத்துக் கொடுத்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு என் தங்கை கோமதியோடு, அவள் நாத்தனார் கல்யாணத்துக்கு எடுக்கிற சேலை மாம்பழ மஞ்சளா கிளிப்பச்சையா என்று பேசினேன். அதே நேரத்தில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற ஆவுடைத்தாய் அக்காவுக்கு மூட்டுவாத மாத்திரை இரண்டு வகை, கவர் எழுதிப் போட்டுக் கொடுத்தேன். பதினான்கு வருடமாகத் தலைவலி, காய்ச்சலுக்கு என்னிடம் வருகிறவர்தான், இந்த மாத்திரையை மட்டும் அரசு ஆஸ்பத்திரியில் வாங்குவார். அங்கே இருப்பு இல்லை என்று மருந்துச் சீட்டோடு வந்தார். ஆக, ஐந்து வேலை. அண்ணாச்சி கல்லாவிலிருந்து பார்த்துவிட்டு, "நீ அஷ்டாவதானிம்மா!" என்றார். இன்னும் மூன்று வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம்.

என் வேகத்துக்கு ஒரு முறை உண்டு. சீட்டைப் பார்த்ததும் எத்தனை மருந்தோ அத்தனை காகிதக் கவரையும் வரிசையாக எழுதிவிடுவேன். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின். அப்புறம் மாத்திரை அட்டைகளை எடுத்துவந்து, சீட்டுக்கட்டு போடுவது போலச் சடசடவென்று கவருக்குள் போடுவேன். ரமணி அப்படி இல்லை. ஒரு மாத்திரையை எடுப்பாள், கவரில் போடுவாள், அதன்மேல் எழுதுவாள், அப்புறம்தான் அடுத்தது. சரியான ஆமை.

மாம்பழ மஞ்சள் முடிவாயிற்று.


ஜூலை 2, செவ்வாய்

கூட்டம் தாங்கவில்லை. ஒருத்தரும் காத்திருக்கவில்லை. கால் மட்டும் வலிக்கிறது.


ஜூலை 4, வியாழன்

காலையில் மகள் யாழினிக்குப் பரீட்சை. நான் வெங்காயம் அரிந்துகொண்டே, குக்கர் விசில் எண்ணிக்கொண்டே, அவள் அறிவியல் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டேன். முடித்ததும், "எல்லாம் சரி, போ" என்றேன்.

"எம்மா, நான் ஒரே பத்தியத்தான் ரெண்டு தடவ சொன்னேன். நீ கேக்கவே இல்ல."

என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள்! வாயைப் பாருங்கள். அவளுடைய அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் போய்விட்டார். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றும் தெரியவில்லை, பருப்பு கரைந்து கூழாகிவிட்டது. ரசமாக வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.


ஜூலை 6, சனி

சனிக்கிழமைக் கூட்டம். கம்ப்யூட்டர் இரண்டு முறை நின்றது. நடுவில் இரண்டாவது கடைக்கு அலமாரி செய்யும் தச்சர் போனில் அளவு கேட்டார். அண்ணாச்சி அவரை என்னிடமே பேசச் சொல்லியிருக்கிறார் என்றால் அர்த்தம் என்ன? நாற்காலி எனக்குத்தான்.

ஆவுடைத்தாய் அக்கா வந்தார். வாயெல்லாம் புண், காரம் ஆகவில்லை, ஏதாவது தடவக் கொடு என்று கேட்டார். தச்சரிடம் அளவு சொல்லிக்கொண்டே வாய்ப்புண் களிம்பும் வைட்டமின் மாத்திரையும் எடுத்துப் போட்டேன். "சூடுதான்க்கா. மோர் குடிங்க, எளநி குடிங்க" என்றேன். மாத்திரையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வார்கள்? பின்னால் ஏழு பேர் நின்றார்கள். "சரியாயிரும்க்கா" என்று அனுப்பிவிட்டேன்.

அலமாரி ஆறடி உயரம். ஐந்தரை போதும் என்று நான் சொன்னதை அண்ணாச்சி ஒத்துக்கொண்டார்.


ஜூலை 8, திங்கள்

மதியம் இரண்டரை. கடையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் இருமல் மருந்துக்கு வந்தார். "இன்னைக்கு சாம்பார் நாங்களே வச்சோம்மா, பிள்ளைக மூஞ்சியச் சுழிக்குது. ஆவுடைத்தாய் வரல. நல்ல காய்ச்சலாம், வாயி வெந்து தண்ணிகூட எறங்கலியாம்" என்றார்.

அவர் போனபிறகு சனிக்கிழமை நான் கொடுத்த களிம்பு நினைவுக்கு வந்தது. உடம்புச் சூடு ஏறியிருக்கும், அதனால் இருக்கும்.

இரண்டே முக்கால். சூட்டினால் இல்லை. இந்த டைரியைப் பின்னால் புரட்டி ஒன்றாம் தேதியைப் படித்தேன். நான் எழுதியதுதான், என் கையெழுத்துதான். மாத்திரை இரண்டு வகை. ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டியது. இன்னொன்று ஃபோலிக் ஆசிட், தினமும் போடுகிற சத்து மாத்திரை. இரண்டுமே மஞ்சள், இரண்டுமே பொடிசு, இரண்டிலும் பத்து மாத்திரை கொண்ட ஒரு அட்டை கொடுத்தேன். வாரத்துக்கு ஒன்று போடுவதைத் தினமும் போட்டால் முதலில் வாய் புண்ணாகும். அப்புறம் காய்ச்சல். அப்புறம் ரத்த அணுக்கள் சரிந்துவிடும். இதைக் கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்தார்கள்.

எந்த அட்டையை எந்தக் கவரில் போட்டேன்? கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பார்க்கிறேன். மாம்பழ மஞ்சள்தான் வருகிறது. வேறு ஒன்றும் வரவில்லை.

போகிறேன்.


ஜூலை 9, செவ்வாய்

நேற்று இரவு எழுதக் கை வரவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும். பெருமையை எழுதத் தெரிந்த கைக்கு இதையும் எழுதத் தெரிய வேண்டும்.

நேற்று டைரியை மூடிவிட்டு நான் எழுந்தபோது கடை வாசலில் நான்கு பேர் நின்றார்கள். "கடை இப்போ இல்ல, அரை மணி கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கவுண்டர் பலகையைத் தூக்கி வெளியே வந்தேன். அண்ணாச்சி பதறிவிட்டார். "ஏம்மா, கிறுக்கு புடிச்சிட்டா? ஆள நிப்பாட்டிட்டு எங்க போற?"

"தப்பா மருந்து குடுத்துட்டேன்னு நெனைக்கேன் அண்ணாச்சி. போய்ப் பாக்கணும்."

"யாருக்கு?" என்றார். சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஆட்டோவில் ஏறும்போது பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, "மொதல்ல அந்தக் கவரக் கையில வாங்கிரு. மத்தது பெறகு பேசிக்கிடலாம்" என்றார். எனக்கு அப்போது அது தப்பாகவே படவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஆட்டோ அந்தத் தெரு முனை திரும்புகிறவரை நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

ஆவுடைத்தாய் அக்கா பாயில் சுருண்டு கிடந்தார். உதடு இரண்டும் வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. அவர் வீட்டுக்காரர் சண்முகையா அண்ணன், தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறவர், சம்பளத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாமி படத்துக்குக் கீழே மாடத்தில் இரண்டு கவரும் இருந்தன. எடுத்துப் பிரித்தேன்.

'ஞாயிறு மட்டும் ஒன்று' என்று நான் எழுதியிருந்த கவரில் சத்து மாத்திரை. ஒன்று குறைந்திருந்தது.

'தினமும் இரவு ஒன்று' என்ற கவரில் மற்றது. பத்தில் மூன்று மிச்சம்.

கவர் என் பையில் நுழைகிற அளவுதான். அண்ணனும் என்னைப் பார்க்கவில்லை, அக்காவின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். அந்த ஒரு நிமிடத்தை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம்தான். எழுதிவிட்டேன்.

கவர்களைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஆட்டோ நிக்கி. அக்காவத் தூக்குங்க, இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஆட்டோவில் போகும்போது அக்காவின் தலை என் தோளில் கிடந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் மேஜைமேல் இரண்டு கவரையும் வைத்தேன். "மருந்துக்கடைல நான்தான் மேடம் குடுத்தேன். கவர மாத்திப் போட்டுட்டேன். வாரத்துக்குப் போட வேண்டியத ஏழு நாளும் போட்டிருக்காங்க" என்றேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. சட்டென்று எழுந்து நர்ஸைக் கூப்பிட்டு, ரத்தம் எடுக்கச் சொல்லி, அந்த மருந்தை முறிக்கிற ஊசி இருக்கிறதா என்று கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னால் நின்ற சண்முகையா அண்ணன்தான் மெதுவாகக் கேட்டார். "அப்ப மாத்திரையிலயா கோளாறு?"

"ஆமாண்ணே. என் மேல தப்பு."

"நான்தாம்மா குடுத்தேன்" என்றார் அவர். "அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் தெனம் ராத்திரி கவர வாசிச்சு, எண்ணி, கையில குடுத்தேன். வெள்ளிக்கெழம வேண்டாம்னா, வாயெல்லாம் எரியிதுன்னா. எழுதிப் போட்டுருக்காக, பேசாம முழுங்குன்னு நாந்தான் அதட்டுனேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை அக்கா சொல்ல வந்ததும் இதைத்தான். நான் அலமாரிக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தேன்.


ஜூலை 10, புதன்

ரத்தத்தில் வெள்ளை அணு 1,400. குறைந்தது நாலாயிரம் வேண்டும். இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள்.


ஜூலை 12, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரி, அப்புறம் கடை, சாயங்காலம் மறுபடி ஆஸ்பத்திரி. அக்காவின் தங்கச்சி சாத்தூரிலிருந்து வந்திருக்கிறார். என்னை வார்டு வாசலிலேயே மறித்து, "எதுக்குட்டி வார? செத்துட்டாளான்னு பாக்கவா?" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொண்டுபோன அரிசிக்கஞ்சியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நாளையும் போவேன். அவர் நாளையும் திட்டட்டும்.

நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டரம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். விசாரணை என்று கூப்பிட்டால் போக வேண்டியதுதான்.

அண்ணாச்சி நான்கு நாளாக முகம் கொடுக்கவில்லை. இன்று வெடித்துவிட்டார். "கவர வாங்கிட்டு வான்னா, கொண்டு போயி டாக்டர் மேசையிலயே வச்சிருக்க! முப்பது வருசத்துக் கடைம்மா இது."

"கடை முப்பது வருசம் அண்ணாச்சி. அந்தக்காவுக்கு மணிக்கணக்குதான் இருந்துச்சு. ஏழு நாள் மருந்து உள்ள போயிருக்குன்னு தெரிஞ்சதாலதான் அந்த ஊசியே போட்டாங்க. சாதாரண காய்ச்சல்னு ஒரு ஊசி குத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தா?"

நான் மேலும் சொன்னேன். "திங்கக்கெழமையில இருந்து ஒரு நேரத்துல ஒரு ஆளத்தான் பாப்பேன். கவுண்டர்ல போன் எடுக்க மாட்டேன். சரக்கு வந்தா காத்திருக்கட்டும். ஆகாதுன்னா இப்பமே சொல்லுங்க, பைய எடுத்துட்டுப் போயிருதேன்."

போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.


ஜூலை 14, ஞாயிறு

கோமதியின் நாத்தனார் கல்யாணம். கோமதி மாம்பழ மஞ்சளில் நின்றாள். நன்றாகத்தான் இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. பந்திக்கு முன்னாலேயே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். காய்ச்சல் விட்டிருக்கிறது.


ஜூலை 15, திங்கள்

போனை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.

ஒருவர் வருகிறார். சீட்டை வாங்கி முழுதும் படிக்கிறேன். ஒரு மருந்தை எடுக்கிறேன், கவரில் போடுகிறேன், எழுதுகிறேன், வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். அதற்கப்புறம்தான் இரண்டாவது மருந்து. ஆமாம், ரமணி செய்தபடியேதான். திருப்பூருக்கு ஒரு கும்பிடு.

இவ்வளவு சின்ன வேலை இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. பெரியவர் ஒருவர் பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என் கை தானாகவே கம்ப்யூட்டருக்குப் போயிற்று. இழுத்து வைத்தேன். மறுபடி போயிற்று. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இழுப்பறைக்குள் போன் அதிரும்போதெல்லாம் எனக்கு உடம்பு அரித்தது.

"என்னம்மா, வேலைக்குப் புதுசா?" என்று ஒருவர் கேட்டார். பதினான்கு வருடமாக என்னிடம் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்குகிறவர்!

"ஆமா சார், புதுசுதான். செத்த நில்லுங்க" என்றேன்.

மூன்று பேர் பொறுக்காமல் எதிர்க்கடைக்குப் போனார்கள். அண்ணாச்சி அவர்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.


ஜூலை 18, வியாழன்

வெள்ளை அணு 4,200! அக்கா கஞ்சி குடித்தாராம், கூடவே உப்பு பத்தவில்லை என்று சண்டையும் போட்டாராம். சண்முகையா அண்ணன் சொல்லும்போது சிரித்தார். நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க மறுபடியும் அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் யாழினி வரலாறு ஒப்பித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியில் ஒரு ஊரின் பெயரை விட்டுவிட்டாள். சொன்னேன். "எம்மோ!" என்று கண்ணை விரித்தாள்.


ஜூலை 24, புதன்

அண்ணாச்சி கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். இரண்டாவது கடைக்கு எட்டயபுரத்திலிருந்து வேறு ஆள் வருகிறது. "உன் நெலம ஒனக்கே தெரியும்மா. கடிதாசி வேற எழுதிக் குடுத்திருக்க. இந்த நேரத்துல நான் ஒன்ன அங்க உக்கார வைக்க முடியாது."

தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் நெஞ்சு எரிகிறது. அந்த ஐந்தரை அடி அலமாரிக்கு அளவு சொன்னவள் நான். சரக்கு அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வெளியே வந்து, "அண்ணாச்சி, அப்ப இந்தக் கடைக்காவது இன்னொரு ஆள் போடுங்க. ஒத்தையா பாப்பேன்னு சொன்னது என் திமிரு. அதையும் சேத்து ஒத்துக்கிடுதேன்" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணாந்தேதியில இருந்து வரச் சொல்லுதேன்" என்றார்.


ஜூலை 31, புதன்

மாதம் முடிகிறது. ஒரு மாதம் ஒற்றையாகச் சமாளித்துக் காட்டுகிறேன் என்று தொடங்கிய டைரி. சமாளிக்கவில்லை என்று எழுதி முடிக்கத்தான் எடுத்தேன். ஆனால் இன்று பதினோரு மணிக்கு ஆவுடைத்தாய் அக்கா வந்தார்.

கூட்டம் நெரிந்த நேரம். வரிசையில் ஆறாவதாக நின்றார். முன்னால் கூப்பிடலாமா என்று தோன்றியது. கூப்பிடவில்லை. முன்னால் நின்ற ஐந்து பேருக்கும் அவரவர் முறையில் எடுத்து, எழுதி, படித்துக் கொடுத்தேன். அவர் முறை வந்தது. ஆள் பாதியாகிவிட்டார். கையில் புதுச் சீட்டு.

எதிர்க்கடை இருபதே அடி தூரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் இங்கே வந்திருக்கிறார்.

"அக்கா, எங்கிட்டயா வாங்குதீங்க?" என்றேன்.

"தங்கச்சி வேண்டாம்னுதான் சொன்னா. எங்க வீட்டுல இவுகளும் வேண்டாம்னாக" என்றார். பேச்சு இன்னும் தெளியவில்லை, உதட்டை அசைக்கச் சிரமப்படுகிறார். "மத்தவன் எவன் கவனமாத் தாரான்னு எனக்கு என்ன தெரியும்? நீ இனிமே தப்பு செய்ய மாட்ட. நீயே குடு. ஆனா தாயி, என் மூஞ்சியப் பாத்துக் குடு. முன்ன ரெண்டு தடவ வந்தேன். நீ ஒரு தடவகூட என்னயப் பாக்கல."

இழுப்பறைக்குள் போன் அதிர்ந்தது. கம்ப்யூட்டர் ஏதோ சத்தம் கொடுத்தது. சரக்கு வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. பின்னால் யாரோ, "யம்மா, சீக்கிரம்" என்றார்கள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்துபோய் வண்டிக்காரனிடம், "இருப்பா, அவ முடிக்கட்டும்" என்றார்.

டாக்டரம்மா இந்த முறை வேறு மருந்து எழுதியிருந்தார். ஒன்றே ஒன்றுதான். எடுத்தேன், அட்டையின் பெயரைச் சீட்டோடு மூன்று முறை ஒத்துப் பார்த்தேன். கவரில் போட்டேன். எழுதினேன். வாசிக்கத் தெரியாதவருக்காகப் பக்கத்தில் ஒரு சூரியனும் வரைந்தேன், காலையில் போடுகிற மாத்திரை என்பதற்காக. படித்துக் காட்டினேன். அவர் திருப்பிச் சொன்னார். அதுவரைக்கும் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று அவர் கட்டியிருந்தது ஊதா நிறச் சேலை, கறுப்புக் கரை. நெற்றியில் திருநீறு. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு இருக்கிறது. பதினான்கு வருடமாக அது அங்கேதான் இருந்திருக்கும்.